மொட்டை மாடி ஏசியை முதல் முறை ஓட்டுவது எப்படி?

கிரேன் போய்விட்டது. யூனிட் மொட்டை மாடியில் இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. காற்றைக் கடைக்குள் கொண்டுபோகும் டக்ட் மாட்டியாயிற்று, கேபிளும் வந்து சேர்ந்துவிட்டது. கீழே துணிக்கடை முதலாளி "எப்போது குளிரும்?" என்று கேட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்புகிறார். ஸ்விட்சைப் போட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். ஆனால் கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரை இன்று ஓட்டக் கூடாது, நாளைதான். அந்த ஒரு நாள் எதற்கு என்று புரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி.

இங்கே எடுத்துக்கொள்வது 10 டன் (எடையல்ல, குளிரூட்டும் திறன்) ரூஃப்டாப் யூனிட்: இரண்டு ஸ்க்ரோல் (சுருள் வடிவ) கம்ப்ரஸர், குளிரூட்டும் ஆர்-410ஏ கேஸ், டக்ட்டுக்குள் காற்றைத் தள்ளும் பெல்ட் ப்ளோயர், 415 வோல்ட் மூன்று ஃபேஸ். உங்கள் யூனிட்டின் கையேடு வேறு எண் சொன்னால் கையேடு சொல்வதே சரி. மின்சாரம் உள்ள பேனலில் கை வைப்பது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. புதியவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. மின்சாரம் இல்லாமல் செய்ய வேண்டியவை

ஐசோலேட்டரை (யூனிட்டுக்கு வரும் மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அணைத்துப் பூட்டுப் போடுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். பேனலைத் திறந்ததும் மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

லாரிப் பயணத்தில் தளராத திருகு கிடையாது. காண்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச்), டெர்மினல், எர்த் எல்லாவற்றையும் ஒருமுறை முடுக்குங்கள். கம்ப்ரஸர், ப்ளோயர் அடியில் பயணத்துக்காகப் போட்ட போல்ட் அல்லது கட்டை இருந்தால் கையேட்டில் சொன்னபடி எடுத்துவிடுங்கள். செம்புக் குழாய்களின் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தால் அங்கே கேஸ் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள்.

ப்ளோயரைக் கையால் சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசக் கூடாது. இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் நான்கு இடங்களில் தொட்டால் புல்லிகள் நேராக இருக்கின்றன. பெல்ட்டின் நடுவில் அழுத்தினால், புல்லிகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு 100 மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் வளையலாம். இடைவெளி அரை மீட்டர் என்றால் 8 மில்லிமீட்டர். கம்பி மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டினால் பேரிங் போய்விடும்.

தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் குழாயில், தண்ணீர் தேங்கி நிற்கும் யு வடிவ வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். கூலிங் காயிலுக்குப் பின்னால் ப்ளோயர் இருந்து இழுக்கும் யூனிட்டில் காற்று தண்ணீரையும் உள்ளே உறிஞ்சும். வளைவு இல்லாவிட்டால் தண்ணீர் வெளியே போகாமல் தட்டிலேயே நிற்கும். ஒரு வாரத்தில் கடையின் சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழும். வளைவு மட்டும் இருந்தால் போதாது, முதல் நாளே அதில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும்.

2. வோல்ட்டேஜும் ஃபேஸ் வரிசையும்

ஐசோலேட்டரின் உள்வரும் முனைகளில் மூன்று ஃபேஸ்களுக்கு இடையே அளந்து எழுதுங்கள். 415, 410, 398 என்று வந்தால் பார்க்கச் சரி போலத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சராசரி 407.7, அதிலிருந்து மிகவும் விலகி நிற்பது 398, விலகல் 9.7, சராசரியில் இது 2.4 சதவீதம். 2 சதவீதத்தைத் தாண்டினால் நான் ஓட்ட மாட்டேன். வோல்ட்டேஜ் ஏற்றத்தாழ்வு சிறியதாக இருந்தாலும் மோட்டாரின் சூடு அதன் வர்க்க விகிதத்தில் ஏறும். தளர்ந்த இணைப்பா, ஒரே ஃபேஸில் கடை விளக்குகளெல்லாம் ஏறியிருக்கின்றனவா என்று தேடுங்கள்.

மோட்டார் எந்தத் திசையில் சுற்றும் என்பதை முடிவு செய்வது ஃபேஸ் வரிசை; அதைக் காட்டும் மீட்டரையும் இப்போதே வைத்துப் பாருங்கள். வரிசை தலைகீழாக இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு யூனிட்டுக்கு வரும் கேபிளில் ஏதாவது இரண்டு ஒயர்களை மாற்றுங்கள். உள்ளே ஒவ்வொரு மோட்டாராக மாற்றாதீர்கள். தொழிற்சாலையில் எல்லாவற்றையும் ஒரே வரிசையில்தான் இணைத்திருப்பார்கள்.

3. ஒரு நாள் முழுக்க ஹீட்டர்

தெர்மோஸ்டாட்டை அணைத்து வைத்து ஐசோலேட்டரை மட்டும் போடுங்கள். கம்ப்ரஸரின் அடியில் சுற்றியிருக்கும் ஹீட்டர் வேலை செய்யத் தொடங்கும். நின்றுபோன கம்ப்ரஸரில் கேஸ் மெல்ல வந்து எண்ணெயில் கரைந்து கிடக்கும். அப்படியே ஓட்டினால் சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தது போல எண்ணெய் நுரைத்துக் கிளம்பிவிடும். பேரிங்குக்கு மிஞ்சுவது வெறும் நுரை. 24 மணி நேரம் ஹீட்டர் ஓடினால் கேஸ் பிரிந்து மேலே போய்விடும். மறுநாள் கம்ப்ரஸரின் அடிப்பாகத்துக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், வெதுவெதுப்பு தெரிய வேண்டும். சில்லென்று இருந்தால் இரவில் யாரோ ஐசோலேட்டரை அணைத்திருக்கிறார்கள். காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

4. ப்ளோயர் மட்டும்

தெர்மோஸ்டாட்டில் ஃபேன் மட்டும் ஓடும்படி வையுங்கள். ஏமாறுவது இங்கேதான். இந்த வகை ப்ளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று டக்ட்டுக்குள்தான் போகும், அளவு மட்டும் குறையும். "காற்று வருகிறதே" என்று கீழிருந்து சொல்வதை நம்பாதீர்கள். ப்ளோயர் மேல் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். வேகத்தை மாற்றும் டிரைவ் வழியாக ஓடினால் வெளியே ஃபேஸ் மாற்றியதால் அதன் திசை மாறாது. டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயர்களில்தான் மாற்ற வேண்டும்.

ஆம்ப் அளக்கும்போது யூனிட்டின் கதவுகளெல்லாம் மூடியிருக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் தடையில்லாமல் அதிகக் காற்று போகும், ப்ளோயர் அதிக ஆம்ப் இழுக்கும், நீங்கள் மோட்டாரைக் குறை சொல்வீர்கள். பெயர்ப்பலகையில் உள்ள ஆம்ப்பைத் தாண்டாத வரை சரி. காற்றின் அளவு டன்னுக்கு 400 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்று கணக்கு, அதாவது 10 டன்னுக்கு 4,000. குறைந்தால் ஃபில்டர், மூடிய டேம்பர் (டக்ட்டுக்குள் காற்றை அடைக்கும் தகடு), நசுங்கிய டக்ட் என்று வரிசையாகப் பார்த்த பிறகே புல்லியைத் தொடுங்கள்.

5. கம்ப்ரஸர்

தெர்மோஸ்டாட்டை அறை வெப்பநிலைக்குக் கீழே இறக்குங்கள். ஒன்றும் நடக்காது. பதறாதீர்கள். அடிக்கடி நின்று ஓடாமல் காக்க உள்ளே 3 முதல் 5 நிமிடம் தாமதம் வைத்திருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது தெரியாமல் காண்டாக்டரை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தப் போனேன். உடனிருந்த மூத்த மெக்கானிக் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, முதலில் கடிகாரத்தைப் பார்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது.

ஓடத் தொடங்கியதும் அழுத்தம் காட்டும் கேஜைப் பாருங்கள்: சக்ஷன் (கம்ப்ரஸருக்குள் வரும் கேஸின் அழுத்தம்) இறங்க வேண்டும், டிஸ்சார்ஜ் (வெளியேறும் கேஸின் அழுத்தம்) ஏற வேண்டும். இரண்டும் அசையாமல் கடகடவென்று சத்தம் மட்டும் வந்தால் ஸ்க்ரோல் தலைகீழாகச் சுற்றுகிறது, உடனே நிறுத்துங்கள். வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர் காயில் மேல் ஒரு தாளை வையுங்கள். ஃபேன் சரியாகச் சுற்றினால் தாள் காயிலில் ஒட்டிக்கொள்ளும். பறந்தால் திசை தவறு.

6. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து

இரண்டு கம்ப்ரஸர்களும் ஓடி நிலைத்த பிறகு அளவு எடுங்கள். வெளியே 35 டிகிரி வெயில் என்றால் சக்ஷன் சுமார் 120–145 பி.எஸ்.ஐ., டிஸ்சார்ஜ் சுமார் 380–440 பி.எஸ்.ஐ. இருக்கும். சக்ஷன் 129 என்றால் கேஸ் கொதிப்பது 7 டிகிரியில். சக்ஷன் குழாயின் மேல் வெப்பமானி 13 காட்டினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான சூப்பர்ஹீட் 6 டிகிரி, நல்ல அளவு. போகும் காற்றுக்கும் திரும்பி வரும் காற்றுக்கும் 8 முதல் 11 டிகிரி வித்தியாசம் இருக்கட்டும். சென்னை போன்ற ஈரப்பதமான ஊரில் வித்தியாசம் குறைந்த பக்கமே நிற்கும். காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுக்கவே குளிரில் ஒரு பகுதி செலவாகிறது.

அளவு சரியில்லை என்றதும் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வரும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையிலேயே நிரப்பி வந்த யூனிட் இது. கசிவு இல்லையென்றால் குறை பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான்.

7. செட்டிங்

குளிர் 24 டிகிரி. இரண்டாவது கம்ப்ரஸர் அதற்கு மேல் 1 அல்லது 1.5 டிகிரி ஏறிய பிறகு சேரட்டும். வெப்பநிலை சென்சார் டிஃப்யூசருக்கு (சீலிங்கில் காற்று வெளிவரும் வாய்) நேர் கீழேயோ கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்திலோ இருந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள். கடை திறந்திருக்கும் நேரத்தில் வெளிக்காற்றுக்காக ஃபேன் தொடர்ந்து ஓடலாம். கடை மூடிய பின் ஆட்டோவில் வையுங்கள். இல்லாவிட்டால் காயிலில் தங்கிய ஈரத்தை ஃபேன் திரும்ப அறைக்குள் ஊதிவிடும், காலையில் துணி மூட்டைகளில் ஈர வாடை அடிக்கும்.

எடுத்த வோல்ட், ஆம்ப், பி.எஸ்.ஐ., வெப்பநிலை எல்லாவற்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிப் பேனல் கதவின் உட்புறம் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். புது பெல்ட் முதல் ஓட்டத்தில் நீளும். இரண்டு நாள் கழித்து வந்து அதை மறுபடி இழுத்துக் கட்டிவிட்டுப் போங்கள்.