ஜப்பானில் குளூட்டன் இல்லாத மளிகை: எதை, எங்கே வாங்கலாம்

கோதுமை ஒவ்வாதவர்கள் இறக்குமதிக் கடைக்குப் போகுமுன், சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் 'கொமெகோ' எனும் அரிசி மாவைத் தேடுங்கள். குளூட்டன் (கோதுமை, பார்லியில் உள்ள புரதம்) இல்லாத இறக்குமதி மாவைவிட இது பெரும்பாலும் மலிவு. ஒன்றைக் கவனியுங்கள்: ரொட்டிக்கென்றே விற்கும் சில வகைகளில், மாவு உப்புவதற்காகக் கோதுமைக் குளூட்டனையே கலந்திருப்பார்கள். சேர்மானப் பட்டியலில் அரிசி மட்டும் இருந்தால் எடுங்கள்.

ஒவ்வாமைப் பட்டியலில் கோதுமையை ('கொமுகி') குறிப்பிடுவது அங்கே சட்டப்படி கட்டாயம். பார்லிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குளூட்டனே ஆகாத சீலியாக் நோயாளிகள் ஏமாறும் இடம் இதுதான். 'ஓமுகி' (பார்லி), 'பகுகா' (மால்ட், முளைகட்டிய பார்லி) என்ற சொற்களை ஜப்பானிய எழுத்தில் போனில் சேமித்து, பாக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'முகி மிசோ' எனும் புளித்த சோயா விழுது பார்லி சேர்த்துச் செய்வது, வேண்டாம்.

வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. அது சிப்ஸ், சாலட் டிரெஸ்ஸிங் வரை நுழைந்திருக்கும். பதிலாகத் 'தமாரி' எனும் சோயா சாஸ் வகையை வாங்கலாம். அதிலும் சிலவற்றில் கோதுமை இருப்பதால் லேபிளைப் படித்தே ஆக வேண்டும். சோபா நூடுல்ஸ் வாங்கினால் 'ஜூவாரி' என்று போட்டிருப்பதை எடுங்கள், அதாவது முழுக்கப் பக்வீட் (கோதுமை அல்லாத ஒரு தானியம்).

சீஸ், தக்காளி டின், உறைந்த காய்கறிக்கு 'க்யோமு சூப்பர்' எனும் கடைத்தொடர் நல்லது. உணவகங்களுக்கான பெரிய பாக்கெட்டுகள். உறுப்பினர் அட்டை தேவையில்லை.