வளைந்து செல்லும் வணிகப் புகைப்படத் தொழில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வணிகப் புகைப்படத் துறையில் காலூன்றி நிற்பவர்களிடம் இங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று கேட்டால், நேர்வழியில் வந்ததாகச் சொல்பவர் அரிது. ஒருவர் கணக்கராக இருந்திருப்பார்; இன்னொருவர் அச்சகத்தில் வேலை பார்த்திருப்பார்; வேறொருவர் பத்தாண்டுகள் திருமணங்களை எடுத்துவிட்டுப் பொருள்களைப் படமெடுக்க வந்திருப்பார். பலர் இந்த வளைவுகளைக் குறை என்று எண்ணி மறைக்கப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும், முன்பு கற்றதை உதறிவிட்டு, உதற வேண்டிய பழைய விலையையும் பழைய படங்களையும் சுமந்துகொண்டு வருவதே பெரும்பாலோரைச் சறுக்க வைக்கிறது என்பது என் கணிப்பு.

பிரேசில் நாட்டுப் புகைப்படக்காரர் செபஸ்தியாவோ சல்காடோ பொருளியல் படித்து, பன்னாட்டுக் காப்பி அமைப்பில் பணியாற்றிவிட்டு, 1973ஆம் ஆண்டில், ஏறத்தாழ முப்பது வயதில், கேமராவை முழுநேரத் தொழிலாக ஏற்றவர். உழைப்பாளிகளையும் இடம்பெயர்வோரையும் அவர் பார்த்த விதத்தில் அந்தப் பொருளியல் படிப்பின் தடம் இருக்கிறது. அமெரிக்க நவநாகரிக, உருவப்படப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடன் 1942ஆம் ஆண்டில் வணிகக் கப்பல் சேவையில் சேர்ந்து, மாலுமிகளின் அடையாள அட்டைக்காக முகம் முகமாக எடுத்துத் தள்ளியவர். வெள்ளைப் பின்னணியில் ஆட்களை நேருக்கு நேர் நிறுத்தி அவர் பின்னாளில் எடுத்த உருவப்படங்களைப் பார்க்கும்போது அந்த அட்டைப் படங்கள் நினைவுக்கு வரத்தான் செய்கின்றன. ஆகவே பழைய வேலையை மறைப்பது முதல் தவறு. அச்சகத்திலிருந்து வந்தவருக்கு, திரையில் பளிச்சிடும் ஆரஞ்சு நிறம் நான்கு வண்ண மையில் மங்கிவிடும் என்பது தெரியும். படப்பிடிப்புக்கு முன்பே அதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடும் புகைப்படக்காரருக்கு அடுத்த வேலையும் வரும்.

வேலை கேட்டுப் போகும்போது காட்டும் மாதிரித் தொகுப்பில் நடப்பது இதற்கு நேர்மாறானது. திருமணம், நிலக்காட்சி, பறவை, கட்டடம், காலணி என்று இதுவரை எடுத்த அனைத்தையும் ஒரே தொகுப்பில் அடுக்கிவிடுகிறார்கள். விளம்பர முகமையின் கலை இயக்குநர் அதைச் சில நிமிடங்களே பார்ப்பார்; அதிலுள்ள மிகப் பலவீனமான படம்தான் அவர் மனத்தில் தங்கும். ரயிலில் உணவு பரிமாறுபவராக இருந்து புகைப்படத்துக்கு வந்த கோர்டன் பார்க்ஸ், ஓர் ஆடையகத்துக்காக எடுத்த முதல் நவநாகரிகப் படங்களில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும், ஒரு படத்தின் மேல் இன்னொன்று விழுந்து, இரட்டைப் பதிவாகிக் கெட்டுப்போயின. அவர் அந்த ஒற்றைப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுபோய்க் காட்டினார். அடுத்த வாய்ப்பு கிடைத்தது; 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழில் நிரந்தரப் பணியிலிருக்கும் புகைப்படக்காரராகவும் ஆனார். கையில் தேறுவது ஐந்து படங்கள்தான் என்றால் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்த வேலை வர வேண்டுமோ அந்த வேலையின் படங்களைச் சொந்தச் செலவில் எடுத்துச் சேர்ப்பதே தொகுப்பை மாற்றுவதற்கு வழி.

வேறு கிளைக்கு மாறும்போது உதவியாளராக நிற்பதை இழுக்காகக் கருதுவது இன்னொரு தவறு. சொந்தமாகத் தொழில் நடத்தியவருக்கு மீண்டும் ஒருவரிடம் விளக்குத் தூக்குவது கசக்கத்தான் செய்யும். ஆனால் கண்ணாடிக் குப்பி ஒன்றைப் படமெடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து விளக்கை அடித்தால் குப்பி தெரியாது, விளக்கின் பிம்பம்தான் தெரியும். பின்னால் ஒளிரும் வெள்ளைத் திரையை வைத்து, படச் சட்டத்துக்குச் சற்று வெளியே இரு பக்கமும் கறுப்பு அட்டைகளை நிறுத்தினால், குப்பியின் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு எழும்பும். அட்டையை ஓர் அங்குலம் நகர்த்தினால் அந்தக் கோடு தடிக்கும் அல்லது மெலியும். உள்ளிருக்கும் நிறமுள்ள திரவம் ஒளிர வேண்டுமென்றால், குப்பியின் வடிவத்துக்கு வெட்டிய வெள்ளி அட்டையை அதன் முதுகில் ஒளித்து வைப்பார்கள். மேலே நிற்கும் நீர்த்துளிகள் மணிக்கணக்கில் உலராமலிருக்கக் கிளிசரின் கலந்த நீரைத் தெளிப்பார்கள். இவற்றைப் படித்தும் அறியலாம். ஆனால் அந்த ஓர் அங்குலத்தை எப்போது நகர்த்துவது என்பது, அருகில் நின்று பார்த்தவருக்கே கைவரும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புதிய கிளைக்குள் நுழையுமுன் கடன் வாங்கிப் பெரிய கேமராவை வாங்கிவிட்டு, அந்தக் கடனுக்காக வேண்டாத வேலைகளையெல்லாம் ஏற்பவர்கள் உண்டு. வேலை கையில் வந்தபின் வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையை விலைப்புள்ளியில் சேர்ப்பதே நெடுங்கால வழக்கம்.

மிகப் பெரிய இழப்பு நேருமிடம் விலையும் உரிமையும் கலக்குமிடம். என் தொடக்கக் காலத்தில், ஒரு நிறுவனத்தின் கையேட்டுக்கென்று எடுத்துக்கொடுத்த படத்தை, மூன்றாண்டுகள் கழித்துச் சாலையோரத்தில் ஒரு பெரிய விளம்பரப் பலகையில் பார்த்தேன். நேரில் போய்க் கேட்டபோது, அவர்கள் கோபப்படவில்லை. கோப்பிலிருந்து என் விலைச்சீட்டை எடுத்து நீட்டினார்கள். அதில் ‘புகைப்படப் பணி, ஒரு நாள்’ என்று ஒரே வரி இருந்தது. எழுதியது நான்தான்.

ஒரு நாள் கூலியாகக் கணக்கிடுவது, நிகழ்ச்சிகளைப் படமெடுக்கும் தொழிலிலிருந்து வருபவர்களிடம் ஊறிப்போன பழக்கம். வணிகப் புகைப்படத்தில் எடுப்பதற்கு ஒரு கட்டணம், பயன்படுத்துவதற்கு வேறொரு கட்டணம். எந்த ஊடகத்தில், எந்த நிலப்பரப்பில், எவ்வளவு காலத்துக்கு என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஓராண்டுக்கு இணையதளத்தில் மட்டும் வரும் படமும், பல நாடுகளில் ஐந்தாண்டுகள் சுவரொட்டியாக நிற்கும் படமும் ஒரே உழைப்பில் உருவானவையாக இருக்கலாம்; ஆனால் வாங்குபவருக்கு அவற்றால் கிடைக்கும் பயன் ஒன்றல்ல. 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், அயல்நாட்டுப் படைப்புக்கான பதிப்புரிமைப் பாதுகாப்பைப் பதிவு போன்ற சடங்குகளுக்கு உட்படுத்துவதில்லை. எனினும், சம்பளத்துக்கு எடுத்த படமும் ஒருவர் கேட்டு எடுத்துக்கொடுத்த படமும் யாருக்குச் சொந்தம் என்பதை ஒவ்வொரு நாட்டின் சட்டமும் ஒவ்வொரு விதமாக வகுக்கிறது. ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று ஒப்பந்தத்தை விட்டுவிடுவது அறியாமை. படத்தில் முகம் காட்டியவரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்காமல் விட்டால், நல்ல விலைக்குப் போக வேண்டிய படமும் விற்க முடியாமல் கிடக்கும்.

தொழில்நுட்பத்தோடு பிணங்குவதும் ஒரு தவறுதான். வீட்டு அறைகலன்கள் விற்கும் ஐக்கியா நிறுவனம் 2006ஆம் ஆண்டில் தன் பொருள் அட்டவணையில் பெர்டில் என்ற மர நாற்காலியைக் கேமரா இல்லாமல் கணினியிலேயே உருவாக்கி அச்சிட்டது; வாசகர்கள் வேறுபாட்டைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பின்னர் அந்நிறுவனம் தன் புகைப்படக்காரர்களை முப்பரிமாண மென்பொருளையும், மென்பொருள் கலைஞர்களைப் புகைப்படத்தையும் கற்கவைத்தது. மரத்தின் மீது ஒளி எப்படி விழும் என்று அறிந்தவர்களுக்கு அங்கேயும் இடம் இருந்தது. கேமராவைத்தான் தொழில் என்று நினைத்தவர்களுக்கு அது இழப்பாகத் தோன்றியிருக்கும்.

பாதை மாறும்போது பழைய கோப்புகளைக் கைவிடுவதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறோர் இடத்தில் என்ற பழைய கணக்கு இன்றும் பொருந்தும். அதோடு, யாருக்கு, எதற்காக, எந்த நாள்வரை கொடுத்தோம் என்பதைப் படக்கோப்புக்குள்ளேயே விவரங்களைப் பதிவதற்கென்று உள்ள ஐபிடிசி (IPTC) தகவல் பகுதியிலேயே எழுதி வைக்க வேண்டும். விளம்பரப் பலகைக்குப் பிறகு நான் இதைத் தொடங்கினேன். உரிமம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது வாடிக்கையாளருக்குச் சிறு கடிதம் எழுதுவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். முதல் கடிதத்துக்கு இரண்டே நாளில் பதில் வந்தது. இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தார்கள்.