பச்சை நிறத்தை நம்பாதீர்கள்: வார்டுக் கணினியும் புதிய தாதித் தலைவர்களும்

போன மாதம், புதிதாகப் பொறுப்பேற்ற ஒரு தாதி, தன் வார்டில் மருந்துகள் பார்கோடு ஸ்கேன் செய்து கொடுக்கப்பட்டனவா என்று காட்டும் மாதாந்தர அறிக்கையை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். எல்லாக் கட்டமும் பச்சை. அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே அறிக்கையை அதே மகிழ்ச்சியோடு ஒரு காலத்தில் நானும் கையில் வைத்திருந்தேன்.

பாஸ்வேர்டைப் பகிராதே, திரையைப் பூட்டாமல் போகாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, வார்டுக் கணினியில் நாம் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

பச்சையைப் பார்த்து நிம்மதி அடைவது

மருந்து கொடுக்கும்போது நோயாளியின் கைப்பட்டையில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்கிறோம், பிறகு மருந்தை. சரியான ஆளா, சரியான மருந்தா, அளவும் நேரமும் சரியா என்று கணினி ஒப்பிட்டுச் சொல்கிறது. பட்டை நோயாளியின் கையில் இருந்தால்தான் இந்தக் காவலுக்கு அர்த்தம்.

இந்த முறை எங்கள் வார்டுக்கு வந்த சில மாதங்களிலேயே அறிக்கை முழுக்கப் பச்சையானது. கூட்டத்தில் எல்லாருக்கும் நன்றி சொன்னேன். அடுத்த வாரம் ஒரு விடியற்காலை 5 மணிக்கு வார்டைச் சுற்றி வந்தபோது, பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். “மிஸ்ஸி, இது என் மாத்திரை இல்லையே. என்னுடையது வெள்ளையா இருக்கும்.” கிண்ணத்தில் இருந்தது அடுத்த கட்டிலில் இருந்தவரின் சர்க்கரை மாத்திரை. இருவருக்கும் ஒரே பெயர். அவர் தமிழில் சொன்னார், தமிழ் புரிந்த நான் அங்கே இருந்தேன். இல்லாவிட்டால் விழுங்கியிருப்பார்.

மருந்து வண்டியின் இழுப்பறையைத் திறந்தேன். ஒரு தாளில் எல்லா நோயாளிகளின் பார்கோடு ஸ்டிக்கர்களும் வரிசையாக ஒட்டியிருந்தன. தாளிலிருந்தே ஸ்கேன் செய்து, நான்கு பேருக்கு ஒரேயடியாக மருந்து எடுத்திருக்கிறார்கள். கணினியில் அந்த மாத்திரை “சரியான நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது” என்று பதிவாகியிருந்தது. இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது. அந்த இளம் தாதியின் மேல் இல்லை, அதன் பிறகு நான் செய்த காரியத்தின் மேல்.

தாளைக் கிழித்தேன், திட்டினேன், எல்லாருக்கும் எச்சரிக்கை அனுப்பினேன். அறிக்கை பச்சையாகவே தொடர்ந்தது. தாள் இழுப்பறையிலிருந்து சட்டைப்பைக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

மூத்த உதவித் தாதி ஒருவர்தான் என்னை நிறுத்தினார். “சிஸ்டர், நீங்களே ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்க.” பார்த்தேன். மூலைக் கட்டிலுக்குப் போனால் வைஃபை அறுந்தது. நாற்காலி இடித்து, கணினி வண்டி கட்டிலருகே போகவில்லை. கிருமிநாசினி பட்டுப் பட்டைகள் மங்கியிருந்தன. தூங்கும் நோயாளியின் கை போர்வைக்குள் இருந்தது. தனிமை அறைக்குள் வண்டியைக் கொண்டுபோக முடியாது. அட்டையிலிருந்து ஒற்றை ஒற்றையாக வெட்டி வந்த மாத்திரைகளில் பார்கோடே இல்லை. 5 மணி மருந்தையும் ரத்தம் எடுப்பதையும் முடித்து, 7 மணிக்குள் அடுத்த ஷிஃப்ட்டுக்கு ரிப்போர்ட் கொடுக்கத் தயாராக வேண்டியவருக்கு அந்தத் தாள்தான் வழி.

இதில் எதையும் தாதி தனியாகச் சரிசெய்ய முடியாது. மருந்தாளரையும் கணினிப் பிரிவு நண்பரையும் விடியற்காலை 5 மணிக்கே வரச் சொன்னேன். வந்தார்கள். அந்த நண்பர் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனார். அப்புறம் வைஃபை கருவி இடம் மாறியது, கையில் எடுத்துப் போகும் ஸ்கேனர் வந்தது, மாத்திரைகள் பார்கோடோடு வந்தன. குளிக்கவைக்கும்போதே மங்கிய பட்டையை மாற்றும் வேலையைச் சுகாதார உதவியாளர்கள் ஏற்றார்கள்.

அந்த மாதம் அறிக்கை மஞ்சளுக்கு இறங்கியது. தாள் போய்விட்டதால், ஸ்கேன் ஆகாதவை ஆகாதவை என்றே பதிவாகின. மேலிடத்தில் நின்று “இந்த மஞ்சள்தான் உண்மை” என்று சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அதைச் சொல்ல முடியாத தலைவரின் வார்டில் தாள் திரும்பி வந்துவிடும்.

புதியவரிடம் ஒன்றைச் சொல்லியனுப்பினேன்: மொத்த எண்ணைப் பார்க்காதே, நேரத்தைப் பார். நான்கு கட்டில்கள் ஒரே நிமிடத்தில் ஸ்கேன் ஆகியிருந்தால், யாரும் கட்டிலருகே போகவில்லை.

காலியிடத்தை “இல்லை” என்று படிப்பது

சிங்கப்பூரின் தேசிய மின்னணு சுகாதாரப் பதிவு 2011இல் தொடங்கியது. ஆனால் தனியார் கிளினிக்குகளில் பல நீண்ட காலம் அதில் எதையும் பதியாமல் இருந்தன. எனவே திரையில் ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்தால், அங்கே யாரும் எழுதவில்லை என்றுதான் பொருள். நோயாளியைக் கேளுங்கள், வீட்டாரைக் கேளுங்கள். லிட்டில் இந்தியாவில் வாங்கிய லேகியத்தையும் சூரணத்தையும் “மருந்து” என்று பலர் நினைப்பதில்லை. பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

நேற்றைய குறிப்பை நகலெடுப்பது

கழற்றிய சிறுநீர்க் குழாய் மூன்று நாளாகக் குறிப்பில் மட்டும் உயிரோடு இருக்கும்.

பகல் ஷிஃப்ட்டை மட்டும் கேட்பது

புதிய திரை வடிவமைப்புக் கூட்டம் பிற்பகல் 2 மணிக்கு. இரவு வேலை பார்த்தவர் வீட்டில் தூங்குகிறார். அவரில்லாமல் எடுத்த முடிவை இரவில் சுமக்கப்போவது அவர்தான்.

டவுன்டைம் கோப்பு

கணினி நின்றுபோனால் எடுக்க வேண்டிய இந்தக் கோப்பு எங்கே இருக்கிறதென்று வார்டின் ஆக இளைய தாதியிடம் இன்றே கேளுங்கள்.

சந்தேகத்தைத் தள்ளிப்போடுவது

2018இல் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் கணினிகளில் ஊடுருவியவர்கள் சுமார் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களை எடுத்துப்போனார்கள். சுமார் 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. கணினிப் பணியாளர்கள் சிலர் சந்தேகத்துக்குரிய அறிகுறிகளைக் கண்டும் மேலே சொல்லத் தாமதமானது என்று விசாரணைக் குழு பின்னர் சுட்டிக்காட்டியது.

நம் வார்டிலும் இதுதான் நடக்கும். திரை விசித்திரமாக நடந்தால், “நான்தான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டேன் போல” என்று இளையவர் பேசாமல் இருந்துவிடுவார். அன்று என்னிடம் திட்டு வாங்கியவர்கள் அடுத்த முறை எதையாவது வந்து சொல்லியிருப்பார்களா? இப்போது ரிப்போர்ட் கொடுத்து முடித்ததும், “கணினியில் இன்று என்ன தொல்லை?” என்று தினமும் கேட்கிறேன். முதல் இரண்டு வாரம் எல்லாரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். சரி, பரவாயில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாவது வாரம் ஒருவர், பிரிண்டரிலிருந்து வேறு வார்டு நோயாளியின் லேபிள் வருகிறது என்றார். அரை மணி நேரத்தில் கணினிப் பிரிவில் இருந்து ஆள் வந்துவிட்டார்.