துணையின்றி வீட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்வது எப்படி?

மருத்துவரோ செவிலியரோ உடனில்லாமல் வீட்டில் குழந்தை பிறந்தால், பதிவாளருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெற்றோரையே சேரும். பிறந்த தேதி, நேரம், இடம், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். இந்தத் தாய்க்குத்தான் இந்தக் குழந்தை பிறந்தது என்பதற்கான சான்றையே பதிவாளர் முக்கியமாகக் கேட்பார் என்பதால், கர்ப்பகாலப் பரிசோதனைச் சீட்டுகள், ஸ்கேன் அறிக்கை, முகவரிச் சான்று, நேரில் கண்டவர் கையொப்பமிட்ட வாக்குமூலம் ஆகியவற்றைத் திரட்டிக்கொள்ளுங்கள். தாயையும் சேயையும் 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுவது முதலில் அவர்கள் நலனுக்காகவே அவசியம். அவர் தேதியிட்டுத் தரும் குறிப்பு பதிவுக்கும் வலுச் சேர்க்கும். கெடு தாண்டினால் கூடுதல் ஆவணங்களும் அலைச்சலும் நேரலாம். விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறந்தவுடன் பதிவு செய்யப்படுவது குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை கூறுகிறது. சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர்களின் எழுத்துகளை அங்கேயே சரிபாருங்கள்.