சானியா மிர்சாவின் ஆட்டக் கணக்கை வாசிக்கும் முறை

டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சா மொத்தம் எத்தனை பட்டம் வென்றார்? 6 என்பார் ஒருவர், 43 என்பார் இன்னொருவர், 44 என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் சரிதான், ஆனால் எண்ணும் பொருள் வேறு வேறு. 6 என்பது கிராண்ட்ஸ்லாம், அதாவது ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், யுஎஸ் ஓபன் என்ற நான்கு பெரிய தொடர்களில் வென்றவை. 43 என்பது டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) கணக்கிலுள்ள மகளிர் இரட்டையர் பட்டங்கள். அதோடு 2005 ஐதராபாத் ஒற்றையர் பட்டத்தைச் சேர்த்தால் 44.

கணக்கு எழுத உட்காரும்போது முதலில் தாளில் மூன்று பத்தி போடுங்கள்: ஒற்றையர், மகளிர் இரட்டையர், கலப்பு இரட்டையர். கிராண்ட்ஸ்லாமுக்குத் தனிப் பத்தி வேண்டாம். அந்தந்தப் பத்திக்குள்ளேயே நட்சத்திரக் குறி இட்டால் போதும். தனியாகப் போட்டால் ஒரே பட்டத்தை இருமுறை எண்ணிவிடுவோம். 2015 விம்பிள்டன், 2015 யுஎஸ் ஓபன், 2016 ஆஸ்திரேலிய ஓபன் மூன்றும் மகளிர் இரட்டையரில் மார்ட்டினா ஹிங்கிஸுடன் ஜோடி சேர்ந்து வென்றவை. ஏற்கெனவே அந்த 43-க்குள் இருப்பவை. கலப்புப் பட்டங்கள் மூன்று மட்டுமே வெளியே நிற்கும்: மகேஷ் பூபதியுடன் 2009 ஆஸ்திரேலிய ஓபனும் 2012 பிரெஞ்சு ஓபனும், புரூனோ சோரஸுடன் 2014 யுஎஸ் ஓபனும். ஆக, மொத்தம் 47. 44-ஐயும் 6-ஐயும் கூட்டி 50 என்று எழுதினால் தவறு.

அடுத்தது தரவரிசை. வழுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். "உலகின் நம்பர் 1" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பட்டியலில் என்று சேர்த்து எழுதுங்கள். ஒற்றையரில் அவருடைய உச்சம் 27 (2007 ஆகஸ்ட்). இரட்டையரில் 2015 ஏப்ரல் 13 அன்று முதலிடம், மொத்தம் 91 வாரங்கள். கலப்பு இரட்டையருக்குத் தரவரிசைப் புள்ளியே கிடையாது. அதனால் அந்த மூன்று கிராண்ட்ஸ்லாம்களும் எந்தப் பட்டியலிலும் அவரை ஒரு படிகூட ஏற்றவில்லை.

புள்ளி ஜோடிக்குப் போவதில்லை, ஆளுக்குப் போகிறது. ஒவ்வொரு வெற்றியின் புள்ளியும் 52 வாரம் கணக்கில் இருந்து, பிறகு உதிரும். 2015-இல் இந்தியன் வெல்ஸ், மியாமி, சார்ல்ஸ்டன் என்று மூன்று தொடர்களை சானியாவும் ஹிங்கிஸும் வரிசையாக வென்றபோது இருவருக்கும் கிடைத்த புள்ளி ஒன்றே. ஆனாலும் முதலிடம் வந்தது சானியாவுக்கு மட்டும். முந்தைய ஆண்டில் வேறு ஜோடிகளோடு அவர் சேர்த்த புள்ளிகள், காரா பிளாக்குடன் வென்ற 2014 டபிள்யூடிஏ ஃபைனல்ஸ் உட்பட, கணக்கில் இருந்தன. ஹிங்கிஸ் அவரோடு முதலிடத்தைப் பகிர்ந்தது 2016 ஜனவரியில்தான். "இந்த ஜோடி நம்பர் 1" என்று எழுதும் முன் தேதியைப் பாருங்கள்.

தரவரிசை சரிந்தால் ஆட்டம் மோசம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். உடம்பையும் பாருங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மணிக்கட்டு வலியால் முதல் சுற்றிலேயே பாதியில் விலகினார். ஆடாத மாதங்களிலும் பழைய புள்ளிகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். பிள்ளைப்பேறுக்குப் பிறகு 2020 ஜனவரியில் ஹோபார்ட் தொடரில் நதியா கிச்செனோக்குடன் திரும்பி வந்தவுடனே பட்டம் வென்றார். நீண்ட இடைவெளிக்குப் பின் வருவோர், விலகியபோதிருந்த நிலையைச் சிறப்புத் தரவரிசையாகக் காட்டித் தொடரில் நுழைய முடியும். அந்த எண் வாராந்திரப் பட்டியலில் தெரியாது.

ஸ்கோர் எழுதும் முறை: வென்றவரின் எண் முதலில் வரும். ஐதராபாத் இறுதியில் அல்யோனா போண்டரென்கோவை வென்றது 6-4, 5-7, 6-3. விம்பிள்டன் 2015 இறுதி 5-7, 7-6(4), 7-5. அடைப்புக்குள் இருக்கும் 4, செட் 6-6 எனச் சமமானபோது ஆடும் டை-பிரேக்கரில் அதைத் தோற்றவர் எடுத்த புள்ளி. 2014 யுஎஸ் ஓபன் கலப்பு இறுதி 6-1, 2-6, [11-9]. சதுர அடைப்பில் வருவது மூன்றாவது செட்டுக்குப் பதிலாக ஆடும் 10 புள்ளி டை-பிரேக்கர். அதை 11-9 என முடிந்த செட்டாக வாசித்துவிடக் கூடாது. ஸ்கோருக்குப் பக்கத்தில் 'ரிட்டயர்டு' என்று கண்டால் அது அந்த ஆட்டத்தை மட்டும் பாதியில் விட்டது. விளையாட்டிலிருந்து ஓய்வு அல்ல. அந்தத் தோல்வி வெற்றி-தோல்விக் கணக்கில் ஏறும். 'வாக்ஓவர்', அதாவது ஆட்டம் தொடங்கும் முன்பே ஒருவர் விலகுவது, ஏறாது. ஒற்றையரில் அவருடைய மொத்தம் 271-161. இதில் சிறிய ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) தொடர்களின் ஆட்டங்களும் அடக்கம். டபிள்யூடிஏ ஆட்டங்கள் மட்டும் என்று நினைத்தால் அவரை உள்ளதைவிட உயரத்தில் வைத்துவிடுவோம்.

ஆண்டுவாரி அட்டவணை இடைவிடாத வெற்றி வரிசையை வெட்டிவிடும். சானியா-ஹிங்கிஸ் தொடர்ச்சியாக வென்ற 41 ஆட்டங்கள் 2015 யுஎஸ் ஓபனில் தொடங்கி 2016 பிப்ரவரியில் தோகாவில் முடிந்தன. ஒரே ஆண்டின் பக்கத்தைத் திறந்தால் முழு எண் கிடைக்காது. இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஆட்டம் ஆட்டமாக எண்ண வேண்டும்.

"முதல் இந்தியப் பெண்" என்ற சொல்லைத் தொடும்போது இரண்டு முறை யோசியுங்கள். டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் சானியா, அதில் ஐயமில்லை. ஆனால் நவீன காலத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டத்தை முதலில் வென்றவர் கோயம்புத்தூரின் நிருபமா வைத்தியநாதன், 1998 ஆஸ்திரேலிய ஓபனில். சானியா அதே தொடரில் 2005-இல் மூன்றாம் சுற்றுவரை போய் செரீனா வில்லியம்ஸிடம் தோற்றார். இந்த இரண்டையும் கலந்துவிட்ட கட்டுரைகள் நிறைய.

கடைசி வரியிலும் இரண்டு தேதி உண்டு. கடைசி கிராண்ட்ஸ்லாம் ஆட்டம் 2023 ஜனவரியில், ரோகன் போபண்ணாவுடன் தோற்ற ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இறுதி. கடைசித் தொடர் பிப்ரவரியில் துபாய். மேடிசன் கீஸுடன் ஆடி முதல் சுற்றிலேயே தோல்வி. ஓய்வுத் தேதியாகப் பிந்தையதையே போடுங்கள்.