ஸ்னாப்ஷாட் காணோமா? பதறுவதற்கு முன்னால்

ராத்திரி பதினொரு மணிக்கு "ஸ்னாப்ஷாட் எல்லாம் போச்சு சார்" என்று யாராவது கூப்பிட்டால், நான் கேட்கும் முதல் கேள்வி: எப்படிப் பார்த்தீர்கள்? இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் வெறும் 'இசட்எஃப்எஸ் லிஸ்ட்' அடித்தால் பொதுவாக ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நேரத்தில் தரவு இருந்த நிலையின் பதிவு, வராது. 'ஹைஃபன் டி ஸ்னாப்ஷாட்' சேர்த்து அடியுங்கள். ஸ்னாப்ஷாட்டுகளைப் பார்க்க உதவும், புள்ளியில் தொடங்கும் 'இசட்எஃப்எஸ்' கோப்புறையும் அப்படித்தான். 'எல்எஸ் ஹைஃபன் ஏ' கூடக் காட்டாது. பெயரை முழுதாகக் கொடுத்து உள்ளே போனால் திறக்கும்.

அங்கேயும் இல்லையா? சரி, எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். நான் ஒருமுறை, கட்டளைகளை நேரத்துக்குத் தானாக ஓட்டும் கிரானில், கீழே உள்ளவற்றுக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லும் 'ஹைஃபன் ஆர்' போட மறந்துவிட்டேன். தாய் டேட்டாசெட்டுக்கு (இசட்எஃப்எஸ்ஸில் தனியாக நிர்வகிக்கும் ஒரு தரவுப் பகுதி) தினமும் ஸ்னாப்ஷாட் விழுந்தது. அதற்குக் கீழே தனி டேட்டாசெட்டாக இருந்த டேட்டாபேஸுக்கு ஒன்றுகூட இல்லை. மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்!

எடுத்தது நிச்சயம் என்றால், யாரோ அழித்திருக்கிறார்கள். 'இசட்பூல் ஹிஸ்டரி ஹைஃபன் எல்' அடித்தால் எந்தப் பயனர், எப்போது 'டெஸ்ட்ராய்' கொடுத்தார் என்பது வந்துவிடும். 'ரோல்பேக் ஹைஃபன் ஆர்' இருக்கிறதா என்றும் தேடுங்கள். அது பழைய நிலைக்குத் திரும்பும்போது இடையில் எடுத்த ஸ்னாப்ஷாட்டுகளை அழித்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி, பழையதைக் கழிக்க நாமே எழுதிய ஸ்கிரிப்ட்தான்.

அப்புறம், முக்கியமானவற்றுக்கு 'இசட்எஃப்எஸ் ஹோல்ட்' போட்டு வையுங்கள். 'ரிலீஸ்' கொடுக்கும்வரை டெஸ்ட்ராய் நடக்காது.