அலமாரிக் காரா, ஷெட் காரா?

அரிய பொம்மைக் கார்களைச் சேர்க்கலாமா, நிஜமான பழைய கார் ஒன்றையே வாங்கிவிடலாமா என்று கேட்பவர்களிடம் நான் பணத்தைப் பற்றி முதலில் பேசுவதில்லை. உங்கள் கை சும்மா இருக்குமா என்றுதான் கேட்பேன். பொம்மைக் காரை நோண்டினால் மதிப்பு போச்சு. நிஜக் காரை நோண்டாமல் விட்டால் காரே போச்சு. என்னிடம் அலமாரி நிறைய மேட்ச்பாக்ஸ் பொம்மைக் கார்கள் இருக்கின்றன, ஷெட்டில் ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் நிற்கிறது. அதனால் இரண்டு பக்கமும் பேச எனக்கு உரிமை உண்டு.

பொம்மை என்றால் முதலில் ஓர் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் அது சேகரிப்பு ஆகாது, குவியல்தான். லெஸ்னி நிறுவனம் மேட்ச்பாக்ஸைத் தொடங்கியது 1953-இல். 1968-இல் ஹாட் வீல்ஸ் என்ற போட்டி பொம்மைக் கார் வந்து வேகமாக உருண்டு காட்டியதும், பதிலுக்கு 1969-இல் மெல்லிய அச்சுள்ள சூப்பர்ஃபாஸ்ட் சக்கரங்களுக்கு மாறினார்கள். என் எல்லை அதற்கு முந்தைய சாதா சக்கர வண்டிகள். ஹாட் வீல்ஸ் பிடிக்கும் என்றால் 1968 முதல் 1977 வரை வந்த சிவப்புக் கோட்டுச் சக்கரங்கள் நல்ல எல்லை.

பொம்மையைக் கையில் எடுத்ததும் திருப்பி அடிப்பக்கத் தகட்டைப் பாருங்கள். அங்கே இருக்கும் வருடத்தை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். அது பெரும்பாலும் அந்த வடிவம் உருவான வருடம். பல ஆண்டுகள் கழித்து வார்த்த காரிலும் அதே எண் இருக்கும். அடுத்து ரிவெட், அதாவது அந்தத் தகட்டை உடம்போடு பிணைக்கும் ஆணி. துளையிட்டுக் கழற்றிச் சக்கரம் மாற்றியிருந்தால் ரிவெட்டின் தலை சிதைந்திருக்கும், அல்லது பசை தெரியும். அப்புறம் உடம்பில் மயிரிழை விரிசல். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே வீங்கி உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி பொம்மைக் கார்களில் இது சகஜம். இதற்கு மருந்தே கிடையாது. விரிசலைக் கண்டால் என்ன விலை சொன்னாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின் வெயிலும் ஈரமும் படாமல் வைத்தால் போதும். பழைய அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், மதிப்பில் பெரும் பங்கு அதற்குத்தான்.

நிஜக் காருக்கு வருவோம். பொம்மையில் அரிது என்றால் பெருமை, ஷெட்டில் அரிது என்றால் தலைவலி. ஒரு கண்ணாடி ரப்பருக்காக மாதக்கணக்கில் அலைய நேரும். நான் பீட்டிலை எடுத்த காரணமே அது அரிது இல்லை என்பதுதான். 2003 வரை 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

பீட்டில் பார்க்கப் போனால் பெயின்ட் பளபளப்பில் மயங்காமல் பின் சீட்டைத் தூக்குங்கள். பேட்டரி அதற்கடியில்தான் இருக்கும். ஆசிட் கசிந்து தரைத் தகடு அரித்திருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். சேஸிஸ் எண்ணும் அங்கேதான், தரையின் நடுவே நீளமாக ஓடும் மேட்டின் மேல் பொறித்திருக்கும், ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். (சீட்டைத் திரும்பப் போடும்போது பேட்டரி மூடி இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டின் ஸ்பிரிங் பேட்டரி முனையில் பட்டுத் தீப்பிடித்த பீட்டில்கள் உண்டு.) பிறகு கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் சேனலை, அதாவது சூடான காற்று போகும் தகட்டுக் குழாயை, கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் வெறும் துருதான், டிங்கரிங் செலவு காரின் விலையைத் தாண்டும். துணி சுற்றிய காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். ஒட்டாத இடத்தில் தகட்டை மறைத்துப் பட்டி பூசியிருக்கிறார்கள்.

வாங்கிய பிறகு சும்மா நிறுத்தினால் பெட்ரோல் கெடும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும், ஈரத்தை உறிஞ்சிய பிரேக் ஆயில் உள்ளே துருவை வளர்க்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும், 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்ஜின் நன்றாக ஆறியபின் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். இதைப் படிக்கும்போதே அலுப்பாக இருந்தால் அலமாரிதான் உங்களுக்கு.

அலுப்பில்லை என்றால், காரை ஓட்டிவந்த அன்றே பெட்ரோல் ஹோஸை மாற்றுங்கள். பின்பக்கம் சூடான என்ஜினுக்கு மேலே வெடித்துப்போன பழைய ரப்பரை வைத்துக்கொண்டு ஒரு ரவுண்டுகூடப் போக வேண்டாம்.